வாசகர் கேள்வி–பதில்: நார்மண்டி வேலிகளுக்கு நடுவே

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன: “கரை ஏறியாச்சு, அப்புறம்?” அந்த ‘அப்புறம்’ பற்றி மட்டும் இந்தப் பக்கங்கள்.

ஒரே நாளில் ஒன்றரை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள் என்கிறீர்கள். கரையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் சென் லோ ஊரைப் பிடிக்க ஜூலை 18 வரை ஆனது ஏன்?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

கோபிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தது நல்லதாயிற்று, விளக்குவது சுலபம். உங்கள் ஊர்க் கிளுவை உயிர்வேலியையும், இரண்டு வேலிக்கு நடுவே வண்டி போகிற இட்டேரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளுவையை அப்படியே பெயர்த்து, ஆள் உயரக் குளக்கரை ஒன்றின் தலையில் நட்டுவிடுங்கள். நார்மண்டியில் ‘பொக்காஜ்’ என்று சொல்லும் நிலம் அதுதான்.

அடியில் மண்கரை. உயரம் 3 முதல் 12 அடி. கனம் 1 முதல் 4 அடி, சில இடங்களில் அதற்கும் மேல். அதன்மேல் ஹாதார்ன் முள்ளும் கொடியும் மரமும் பின்னிய வேலி, இன்னும் 3 முதல் 15 அடி உயரத்துக்கு. கடல்காற்று பயிரையும் மாட்டையும் அடிக்காமல் இருக்க, எல்லை பிரிக்க, விறகு வெட்ட என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. வேர் ஓடி ஓடி மண் இறுகி, கடப்பாரைக்கே மசியாது. வான்வழியில் எடுத்த ஒரு படத்தில் 20 சதுர கி.மீ.க்குச் சற்று அதிகமான நிலத்துக்குள் 3,900க்கும் மேற்பட்ட வேலியடைத்த வயல்களை எண்ணியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் வயலுக்குச் சராசரி ஒன்றேகால் ஏக்கர் வரும். அத்தனை வயலும் ஒவ்வொரு கோட்டை. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது அதே போல எதிரே நிற்கும். இட்டேரிகளோ நிலமட்டத்துக்குக் கீழே தாழ்ந்து போனவை. இரு பக்கத்து மரமும் மேலே கைகோத்துக் கூரை போட்டிருக்கும். உள்ளே நுழைந்த டாங்கி திரும்ப இடம் கிடையாது.

வேலி மட்டும் காரணமல்ல. முதலில் ஷெர்பூர் துறைமுகத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜூன் கடைசியில்தான் அது விழுந்தது, அதுவும் ஜெர்மானியர் துறையை உடைத்துப் போட்ட பிறகு. ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயல், ஒமாஹா கரையில் கட்டிய செயற்கைத் துறைமுகத்தை நொறுக்கியது. கரான்டான் பக்கம் முழுக்கச் சதுப்பு. ஜூலை முழுக்க மழை வேறு. விமானங்கள் பல நாள் தரையை விட்டு எழும்பவில்லை. அமெரிக்க முதலாம் ராணுவம் ஜூலை 3 அன்றுதான் தெற்கு நோக்கி முழு மூச்சாகத் திரும்பியது. அங்கிருந்து சென் லோ விழும்வரை இறந்தவரும் காயப்பட்டவருமாக ஏறத்தாழ 40,000 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் காலாட்படையினர்.

இவ்வளவு திட்டம் போட்டவர்களுக்கு வேலி இருப்பது தெரியாதா?
— வாசகி, தேனி

தெரியும். படத்தில் இருந்தது, வரைபடத்தில் இருந்தது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் வேலி ஒரு பச்சைக் கோடுதான். அடியில் இருக்கும் மண்கரையின் உயரம் அதில் தெரியாது. ஒத்திகை எல்லாம் கரையிறங்குவதற்கே நடந்தது. அலை, ஏற்றவற்றம், கம்பிவேலி, கான்கிரீட் அரண் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி செய்தவர்கள், கரைக்குப் பின்னால் கிடக்கும் வயலுக்கு ஒன்றும் செய்துவைக்கவில்லை. நம் கருத்து: இது உளவுப் பிழை அல்ல, கவனப் பிழை. முதல் நாள் தாண்டுவதே பெரிய காரியம் என்றிருந்தவர்களுக்கு இருபதாவது நாளை யோசிக்க மனதில் இடமில்லை.

ஒரு வயலை ஜெர்மானியர் எப்படிக் காத்தார்கள்? வெறும் மண்கரைக்குப் பின்னால் பதுங்கினால் போதுமா?
— வாசகர், விருதுநகர்

பின்னால் அல்ல, கரைக்கு உள்ளேயே. தங்கள் பக்கத்திலிருந்து மண்கரையைக் குடைந்து, மேலே மரக்கட்டை அடுக்கி, எதிர்ப்பக்கம் துப்பாக்கி முனை மட்டும் நீளும்படி சின்ன ஓட்டை விடுவார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் இலைதான் தெரியும்.

சூட்சுமம் மூலைகளில் இருந்தது. வயலின் எதிர்ப்பக்கத்து இரண்டு மூலையிலும் கனரக இயந்திரத் துப்பாக்கி. இரண்டின் குண்டும் வயலின் நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். நடுவேலி நெடுக இலகு இயந்திரத் துப்பாக்கியும் ரைபிள்காரர்களும். கொஞ்சம் பின்னால், குண்டை மேல்நோக்கி வீசும் குட்டைக் குழாய்ப் பீரங்கிகளான மோர்ட்டார்கள். வயலின் எந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே அளந்து, குறித்து வைத்தவை.

இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பொறி. அமெரிக்கச் சிப்பாய்கள் வயலில் இறங்குகிறார்கள். மூலைத் துப்பாக்கி முழங்குகிறது. எவனுக்கும் முதலில் தோன்றுவது படுத்துவிடுவது. படுத்தால் துப்பாக்கிக் குண்டு தலைக்கு மேல் போகும், சரி. ஆனால் மோர்ட்டார் குண்டு மேலிருந்து விழுவது. படுத்த இடம் அளந்து வைத்த இடம். எனவே படுத்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பழைய சார்ஜன்ட்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: நடு வயலில் நிற்காதே, படுக்காதே, சுட்டுக்கொண்டே முன்னால் போ. சொல்வது எளிது.

ஆயுத வித்தியாசமும் உண்டு. ஜெர்மன் எம்.ஜி.42 இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்கு 1,200 குண்டு துப்பும். தனித்தனி வெடியாகக் கேட்காது, காடாத்துணியைக் கிழிப்பது போல ஒரே சத்தம். ஜெர்மன் செக்‌ஷனே அந்தத் துப்பாக்கியைச் சுற்றி அமைந்தது; மற்றவர்கள் அதற்குக் குண்டு சுமப்பவர்கள். 12 பேர் கொண்ட அமெரிக்க செக்‌ஷனில் இருந்தது ஒரே ஒரு பி.ஏ.ஆர். தானியங்கித் துப்பாக்கி, அதன் மேகசினில் 20 குண்டுதான். இன்னொன்று, சின்ன விஷயம் போலத் தெரியும்: ஜெர்மன் குண்டின் மருந்தில் புகையும் பளிச்சும் குறைவு, அமெரிக்க மருந்தில் அதிகம். ஆகவே சுட்ட அமெரிக்கன் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்தான். சுட்ட ஜெர்மானியன் இலைக்குள் கரைந்து போனான்.

வயல் கைமாறினாலும் கதை முடியாது. ஜெர்மானியர் ஒரு வேலி பின்வாங்கி, விட்டு வந்த வேலியின் மீதே மோர்ட்டார் போடுவார்கள். அதன் தூரமும் அளந்ததுதானே. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சின்ன எதிர்த்தாக்குதல் ஒன்றும் வரும். வென்றவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தைக் குறிவைத்தது அது.

அப்படியானால் அதை எப்படித்தான் உடைத்தார்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.
— வாசகர், நெய்வேலி

முதல் சில வாரம் உடைக்கவில்லை, முட்டிக்கொண்டார்கள். 30 டன் ஷெர்மன் டாங்கி மண்கரைமீது ஏறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதன் பீரங்கியால் கீழே சுட முடியாது. அடிவயிற்றுத் தகடோ 13 முதல் 25 மில்லிமீட்டர்தான். அதைத்தான் எதிரே இருப்பவனுக்குக் காட்டிக்கொண்டு ஏறும். கையால் ஏவும் பான்சர்ஃபாஸ்ட் என்ற டாங்கி எதிர்ப்புக் குண்டுக்கு எட்டும் தூரம் 30 மீட்டர். திறந்த வெளியில் அந்தத் தூரத்துக்கு டாங்கியை நெருங்க முடியாது, வேலிக்குள் டாங்கியே நெருங்கி வந்துவிடும். வயலுக்கு ஒரு வாசல் இருக்கும், மாடு போகிற வழி. அதன் வழியே போனால் எதிரியின் எல்லாத் துப்பாக்கியும் முதலில் குறிபார்ப்பது அந்த வாசலைத்தான்.

புல்டோசர் தகடு பொருத்திய டாங்கிகள் நன்றாக வேலை செய்தன, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. அடுத்து வெடிமருந்து. கரையில் டாங்கி நுழையும் அளவு ஓட்டை போட 23 கிலோ மருந்து இரண்டு பொதி வேண்டும். 29ஆம் டிவிஷனோடு இருந்த பொறியாளர் படை உட்கார்ந்து கணக்குப் போட்டது: ஒரு டாங்கிக் கம்பெனி 2.4 கி.மீ. முன்னேறினால் 34 வேலி குறுக்கிடும். அதற்கு 17 டன் மருந்து. அவ்வளவையும் யார் சுமப்பது? பொதியைக் கரையின் வெளிப்பக்கம் சாத்தி வெடித்தால் பாதி சக்தி காற்றில் போகிறது. கரைக்குள் குழிதோண்டிப் புதைக்கலாம் என்றால், வேர் விடாது, எதிரியும் விடமாட்டான்.

அங்கேதான் ஒரு நல்ல யோசனை வந்தது. டாங்கியின் முன்னால் ஆறரை அங்குல விட்டமும் நான்கடி நீளமும் உள்ள இரண்டு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தார்கள். டாங்கி போய்க் கரையில் முட்டும். குழாய் உள்ளே ஏறும். பின்வாங்கினால் இரண்டு ஆழத் துளை தயார். சுட்டுத் தீர்ந்த 105 மி.மீ. பீரங்கிக் குண்டின் வெற்றுக் கூட்டில் 7 கிலோ மருந்து அடைத்து அந்தத் துளைக்குள் திணித்தால் போதும். உள்ளிருந்து வெடிப்பதால் முன்பு 46 கிலோ செய்த வேலையை 14 கிலோ செய்தது. பாறை வெடிக்கிற குவாரிக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

இனி ஒரு வயலைப் பிடிக்கும் முறை. ஒரு டாங்கி, ஒரு காலாட்படை செக்‌ஷன், பொறியாளர் நான்கு பேர், ஒரு இலகு இயந்திரத் துப்பாக்கி, ஒரு 60 மி.மீ. மோர்ட்டார். இவ்வளவுதான் அணி; ஒரு வயலுக்கு ஓர் அணி. டாங்கி தன் பக்கத்துக் கரையில் மூக்கை நுழைத்து, எதிர் மூலை இரண்டிலும் வெண்பாஸ்பரஸ் குண்டு போடும். எரிவதோடு புகையும் கிளம்பும். மூலைத் துப்பாக்கிக்காரன் செத்தாலும் சரி, கண் மறைந்தாலும் சரி. பிறகு எதிர் வேலியின் அடி நெடுக டாங்கியின் இயந்திரத் துப்பாக்கி வருடிக்கொண்டே இருக்கும். மோர்ட்டார், எதிர் வேலிக்குப் பின்னால் இருக்கும் வயலில் விழும். உதவிக்கு வருபவனையும் ஓடுபவனையும் தடுக்க. இந்த மறைப்பில் காலாட்படை வயலில் பரவி நடக்கும். ஓரத்து வேலியை ஒட்டி ஊர்வதுதான் பாதுகாப்பு என்று எவனுக்கும் தோன்றும். எதிரிக்கும் அது தெரியும். ஓரங்களுக்குக் குறி வைத்திருப்பான். ஆகவே ஓரத்தை விட்டு விலகி நடக்க வேண்டும். எதிர் வேலியை நெருங்கியதும் அதன் மேலாகக் கையெறி குண்டு. இதற்குள் பொறியாளர்கள் கரையை வெடித்து வழி செய்திருப்பார்கள். டாங்கி வந்து சேரும். அடுத்த வேலி.

கெட்டுப்போகும் இடங்கள் பல. டாங்கியும் காலாட்படையும் விலகிவிடுவதுதான் முதல் கேடு: தனியே போன டாங்கி பான்சர்ஃபாஸ்டுக்கு இரை, தனியே போன சிப்பாய் மூலைத் துப்பாக்கிக்கு இரை. பக்கத்து வயல் அணி பின்தங்கினால், முன்னால் போனவனுக்கு விலாப்புறத்திலிருந்து குண்டு வரும். வெடி வைத்து ஓட்டை போட்டால் அந்தச் சத்தமே, டாங்கி எங்கே வெளிவரும் என்று எதிரிக்கு அறிவிப்பு. இந்தக் கடைசிக் குறையைத் தீர்த்தது அடுத்த கேள்வியில் வருகிறது.

டாங்கிக்குக் ‘கொம்பு’ வைத்த கியூலின் என்ற சார்ஜன்ட் ஒருவரால்தான் நார்மண்டி வெல்லப்பட்டது என்று படித்தேன். உண்மையா?
— வாசகர், காரைக்குடி

பாதி உண்மை. 102ஆம் குதிரைப்படை உளவுப் பிரிவின் சார்ஜன்ட் கர்டிஸ் கியூலின், டாங்கியின் முன்பக்கம் கீழே இரும்புப் பற்களைப் பற்றவைத்தார். கரையில் டாங்கி முட்டும்போது பல் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். மூக்கு மேலே எழாது. எஞ்சினின் முழு பலமும் கரையைத் தள்ளுவதற்கே போகும். மண்ணோடும் செடியோடும் டாங்கி அந்தப் பக்கம் வெளியே வரும். வெடி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. யோசனை தன்னுடையதல்ல, டென்னிசி மாநிலத்திலிருந்து வந்த ராபர்ட்ஸ் என்ற சிப்பாயுடையது என்று கியூலினே சொன்னதாகப் பதிவு உண்டு. ஜூலை 14 அன்று தளபதி ஓமர் பிராட்லி நேரில் பார்த்தார். உடனே உத்தரவு போனது. இரும்புக்கு எங்கே போவது? கரையிறங்குவதைத் தடுக்க ஜெர்மானியர் கடற்கரையில் நட்டுவைத்த இரும்புச் சட்டங்களையே அறுத்து எடுத்தார்கள். ஜூலை 25 தாக்குதலுக்குள் முதலாம் ராணுவத்தின் டாங்கிகளில் ஐந்துக்கு மூன்றில் பல் முளைத்திருந்தது.

ஆனால் பெரிய உடைப்பு நடந்த அந்தத் தாக்குதலில் டாங்கிகள் பெரும்பாலும் சாலை வழியாகவே ஓடின. சென் லோவோ பற்கள் பரவுவதற்கு முன்பே விழுந்துவிட்டது. அதற்குக் கிழக்கே நின்ற 192ஆம் குன்றை 2ஆம் டிவிஷன் ஜூலை 11 அன்று பிடித்தது, டாங்கி–காலாள்–பொறியாளர் அணிகளைப் பின்வரிசையில் வைத்துப் பழக்கிய பிறகு. எங்களைக் கேட்டால் கொம்பைவிட அந்தப் பழக்கத்துக்கே அதிக மதிப்பெண். கொம்பு படம் எடுக்க அழகாக இருக்கிறது. பழக்கத்தைப் படம் எடுக்க முடியாது.

டாங்கிக்குள் இருப்பவனோடு வெளியே நடக்கிறவன் எப்படிப் பேசினான்? வயர்லெஸ் இருந்ததே?
— வாசகி, திருநெல்வேலி

இருந்தது, ஆனால் டாங்கியின் வயர்லெஸ் ஓர் அலைவரிசை, காலாட்படையின் வயர்லெஸ் வேறு. ஒன்றோடு ஒன்று பேசாது. கையில் பிடிக்கும் சின்ன செட்டுக்கு நல்ல வெளியிலேயே ஒரு மைல்தான். கரையும் மரமும் அதையும் விழுங்கின. ஆகவே ஆரம்பத்தில் சிப்பாய் டாங்கிமேல் ஏறி, மூடியைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. சண்டை நடக்கும்போது அது எவ்வளவு நேரம் உயிரோடு செய்யக்கூடிய வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவனுக்கு எஞ்சின் இரைச்சலில் தட்டுவதும் குண்டு படுவதும் ஒரே சத்தம்.

தீர்வு அற்பச் செலவு. ஒரு களத் தொலைபேசியைக் குண்டுப்பெட்டிக்குள் வைத்து, டாங்கியின் பின்பக்கம் பொருத்தி, உள்ளே குழுவினர் தங்களுக்குள் பேசும் கம்பியோடு இணைத்தார்கள். சிப்பாய் டாங்கியின் பின்னால் மறைந்து நின்று, ரிசீவரை எடுத்து, “இடது மூலை, கருகின மரத்துக்கு அடியில்” என்று சொன்னால் போதும். ஒரே ஜாக்கிரதை: டாங்கி சொல்லாமல் பின்வாங்கும்.

கண்ணிவெடியை மிதித்தவன் காலை எடுக்காமல் நின்றால் வெடிக்காது என்று சினிமாவில் காட்டுகிறார்களே?
— வாசகர், மதுரை அனுப்பானடி

சினிமாவோடு சரி. ஜெர்மானியரின் எஸ் வகைக் கண்ணி, மிதித்த சில விநாடியில் நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் துள்ளி எழும்பி, இடுப்பு உயரத்தில் வெடித்து, உள்ளே இருக்கும் 360 எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் இறைக்கும். காலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது எழும்பும். செய்யக்கூடியது ஒன்றுதான்: உடனே முகம் குப்புற விழுவது. வெடிப்பது மேலே என்பதால் படுத்தவனுக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அந்தத் துள்ளலுக்கு முந்தைய சின்னச் சத்தத்தைக் கேட்டுப் பிழைத்தவர்கள், வெடியை விட அந்தச் சத்தத்துக்கே அதிகம் பயந்தார்கள்.

இன்னொன்று ஷூ கண்ணி. மரப்பெட்டிக்குள் 200 கிராம் டி.என்.டி. கொல்வதைவிடப் பாதத்தைப் பறிப்பதே அதன் தொழில். ஒருவன் விழுந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆக மூன்று பேர் கணக்கில் குறைவார்கள். மரம் என்பதால் உலோகம் தேடும் கருவிக்குச் சிக்காது. துப்பாக்கிக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மெல்ல மண்ணில் குத்திக் குத்தித்தான் தேட வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கத்தி முனையே கண்ணியை அமுக்கிவிடும்.

அமெரிக்க எம்1 துப்பாக்கியில் கடைசிக் குண்டு தீர்ந்ததும் ‘டிங்’ என்று கிளிப் தெறிக்குமாம். அதைக் கேட்டு ஜெர்மானியர் பாய்வார்களாமே?
— வாசகர், ஓசூர்

எட்டுக் குண்டும் தீர்ந்ததும் கிளிப் தெறிப்பது நிஜம். மோர்ட்டார் விழும் வயலில், பக்கத்தில் இன்னும் பதினொரு பேர் சுட்டுக்கொண்டிருக்கையில், அதை எதிரே இருப்பவன் கேட்டான் என்பதை நாங்கள் நம்பவில்லை.

சாப்பாடு?
— வாசகி, மயிலாடுதுறை

கே ரேஷன். காலை, மதியம், இரவு என்று மூன்று அட்டைப்பெட்டி, மூன்றும் சேர்ந்து 2,830 கலோரி. காலைப் பெட்டியில் முட்டை கலந்த இறைச்சி டின், பிஸ்கட், காப்பித்தூள், பழக்கட்டி. மதியத்தில் சீஸ் டின், மிட்டாய், எலுமிச்சைப் பொடி. இரவில் இறைச்சி டின், சூப்புக் கட்டி, சாக்லெட், கழிப்பறைக் காகிதம். எல்லாவற்றிலும் சிகரெட். உள்பெட்டியில் மெழுகு பூசியிருப்பார்கள். அதைக் கொளுத்தினால் ஒரு கோப்பைத் தண்ணீர் சூடாகும், காப்பி கலக்க அதுவே அடுப்பு. பகலில் மட்டும்; இரவில் நெருப்பு மூட்டினால் மோர்ட்டார் வரும். எலுமிச்சைப் பொடியை யாரும் விரும்பவில்லை. நாள் கணக்கில் அதையே தின்றால் நாக்கு செத்துவிடும். 2,830 கலோரியில் பாதியைப் பலர் தூக்கி எறிந்தார்கள் என்பதுதான் நடைமுறை.

தண்ணீரில் ஹாலசோன் மாத்திரை போட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். குளோரின் வாடை அடிக்கும். அதனால் பண்ணை வீட்டு ஆப்பிள் மதுவான சைடருக்குக் கிராக்கி. அதைக் காய்ச்சி இறக்கிய கல்வடோஸுக்கும்தான். வயல் வயலாகக் குண்டு பட்டுச் செத்து ஊதிக் கிடந்த பசுமாடுகளின் நாற்றத்துக்கு நடுவே சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காயம்பட்டவர்களுக்கு என்ன நடந்தது? மனம் உடைந்தவர்களுக்கு?
— செவிலியர் மாணவி, வேலூர்

ஒவ்வொரு சிப்பாயின் இடுப்புப் பட்டையிலும் ஒரு கட்டுத்துணிப் பொட்டலம் இருக்கும். காயத்தில் சல்ஃபா தூள் தூவி, அந்தக் கட்டைப் போடுவது முதல் படி. கட்டுப் போடுபவன் தன் பொட்டலத்தை எடுக்கக் கூடாது, காயம்பட்டவனுடையதையே எடுக்க வேண்டும்; உனக்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாது. மருத்துவச் சிப்பாய் மார்ஃபின் ஊசி போடுவார். பற்பசைக் குழாய் போல நசுக்குகிற சிறு குழாய் அது. போட்டதும் வெற்றுக் குழாயைச் சட்டைக் காலரில் குத்திவைப்பார். அடுத்த இடத்தில் இருப்பவர் தெரியாமல் இன்னொன்று போட்டால் மூச்சு நின்றுவிடும் அல்லவா. அங்கிருந்து பட்டாலியன் உதவி நிலையம், பிறகு டிவிஷன் நிலையம், பிறகு கடற்கரை, டாங்கி இறக்கிய அதே கப்பலில் இங்கிலாந்து. வேலிக்காட்டில் பெரிய சிரமம் முதல் சில நூறு மீட்டர்தான். ஸ்ட்ரெச்சரைக் கரைமேல் ஏற்றி இறக்க நான்கு பேர் வேண்டும். ஒவ்வொரு கரையின் உச்சியிலும் நான்கு பேரும் எதிரி கண்ணுக்குத் தெரிவார்கள்.

கான் நகரைச் சுற்றிப் பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்குக் கிடைத்தது வேறு வகை நிலம்: இடுப்பளவு நின்ற கோதுமை. அதில் விழுந்தவனைத் தேடுவதே பாடு. துப்பாக்கியைக் கத்தி முனையில் தலைகீழாக நட்டு, மேலே ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போவார்கள்; பின்னால் வருபவர்களுக்கு அதுவே அடையாளம்.

மனம் உடைவதைப் ‘போர்க்களைப்பு’ என்றார்கள். கோழை என்று எழுதாமல் களைப்பு என்று எழுதியதே ஒரு முன்னேற்றம். கை நடுக்கம், சம்பந்தமில்லாத அழுகை, கூப்பிட்டால் திரும்பாமை. கண்ட வைத்தியம் எளியது: களத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, ‘நீல 88’ என்று சிப்பாய்கள் பெயரிட்ட தூக்க மாத்திரை கொடுத்து ஒரு நாள், இரண்டு நாள் உறங்க விடுவது, பிறகு குளியல், சவரம், சூடான சாப்பாடு, புதுத் துணி. பலர் திரும்பிப் போனார்கள். தொலைவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் திரும்புவது குறைந்தது. 88 என்பது அவர்கள் மிகவும் பயந்த ஜெர்மன் பீரங்கியின் எண்; பகடிக்கும் ஓர் அளவு வேண்டாமா!

அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் புதிதாக நிரப்ப வந்தவர்கள். யாரையும் தெரியாது, இருட்டில் கொண்டுவந்து விடுவார்கள், பக்கத்துக் குழியில் இருப்பவன் பெயர் தெரிவதற்குள் விடிந்துவிடும். யார் பின்னால் போவது என்றே குழப்பம். ஹெல்மெட்டின் பின்புறம் செங்குத்தாக வெள்ளைக் கோடு இருந்தால் அதிகாரி, படுக்கையாக இருந்தால் சார்ஜன்ட். முன்பக்கம் அடையாளம் ஏதும் வைப்பதில்லை. மறைந்திருந்து சுடுபவன் முதலில் தேடுவது அதைத்தான்.

சொந்த விமானங்களே சொந்தப் படைமீது குண்டு போட்டதாகக் கேள்விப்பட்டேன்.
— வாசகர், சேலம்

இரண்டு நாள் அடுத்தடுத்து. வேலிக்காட்டை விட்டு வெளியேற வகுத்த ‘கோப்ரா’ தாக்குதலில், பெரியே – சென் லோ சாலைக்குத் தெற்கே ஒரு நீள்செவ்வகத்தைக் குண்டால் உழுதுவிடுவது திட்டம். சாலைக்கு இணையாகப் பறந்து வந்து போட வேண்டும் என்று பிராட்லி விரும்பினார். விமானப் படையோ, குறுகிய பக்கத்தின் வழியாக அத்தனை விமானமும் நுழைய நேரம் போதாது என்று குறுக்கே, தங்கள் படையின் தலைக்கு மேலாகப் பறந்தது. குறுக்கே பறந்தால் ஒரு விநாடி முன்னால் கையை விட்டாலும் குண்டு சொந்தப் படையில்தான் விழும். ஜூலை 24 அன்று மேகம். நிறுத்தச் சொன்ன உத்தரவு சிலருக்கு எட்டவில்லை. 25 பேர் செத்தார்கள், 131 பேருக்குக் காயம். மறுநாள் ஏறத்தாழ 1,500 கனரக விமானங்கள் வந்தன. அடையாளமாக இருந்த சாலையைப் புகையும் புழுதியும் மூடின. காற்று அந்தப் புழுதியை வடக்கே தள்ளியது. பின்னால் வந்தவர்கள் புழுதியைப் பார்த்துப் போட்டார்கள். 111 பேர் சாவு, 490 பேருக்குக் காயம். அமெரிக்கத் தரைப்படைக்கே பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் லெஸ்லி மக்நேரும் செத்தவர்களில் ஒருவர். ஆனால் எதிரே இருந்த பான்சர் லேர் டிவிஷன் சிதைந்தது. இரண்டொரு நாளில் கோடு உடைந்தது.

கடல் வழியே இறங்கி உள்நாட்டில் சண்டையிட்ட தமிழ்நாட்டுப் படை எதுவும் உண்டா?
— வாசகர், பாளையங்கோட்டை

உங்கள் ஊர்ப் பெயரே உண்டு. நார்மண்டியில் அல்ல, முப்பது ஆண்டு முன்பு, 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில். அப்போது அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. பம்பாயிலிருந்து கப்பலேறிய சுமார் 8,000 பேர் படையில் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும், மெட்ராஸ் ராணுவ மரபில் வந்த 61ஆம் பயனியர்களும் இருந்தனர். தளபதி ஆர்தர் எய்ட்கென்.

கப்பல் தலைவர் முதலில் போய்ச் ‘சரணடையுங்கள்’ என்று கெடு விதித்தார். திடீர்த் தாக்குதல் என்பது அங்கேயே போயிற்று. எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டார், இருந்தும் ஆயிரம் பேர்தான். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கால் மரத்தவர்களை, முன்னால் ஆள் அனுப்பி வழி பார்க்காமலேயே தென்னை, ரப்பர்த் தோட்டங்களுக்குள் நடக்க விட்டார்கள். பத்தடிக்கு அப்பால் பக்கத்து கம்பெனி தெரியாது. மரங்களில் தொங்கிய தேன்கூடுகள் குண்டு பட்டுக் கலைய, தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. 63ஆவது படை உடைந்து பின்னால் ஓடியது. அதை மறைக்க வேண்டியதில்லை; அவர்களை அந்த நிலையில் அந்தத் தோட்டத்துக்குள் அனுப்பியவர்களின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. நவம்பர் 5 அன்று மீண்டும் கப்பலேறியபோது இழப்பு 800க்கு மேல். கரையில் விட்டுவந்தது இயந்திரத் துப்பாக்கிகள், நூற்றுக்கணக்கான ரைபிள்கள், லட்சக்கணக்கான ரவைகள்.

எம்.ஜி.42 பற்றிய பதிலில் புகை பற்றிச் சொன்னோம். லெட்டோவின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களில் பலரிடம் அப்போது இருந்தது, சுட்டால் கரும்புகை கக்கிக் காட்டிக்கொடுக்கும் 1871 மாதிரி ரைபிள். தாங்காவில் கிடைத்த புதுத் துப்பாக்கிகளால் அவர்களில் சில கம்பெனிகள் அந்தப் புகையிலிருந்து விடுபட்டன.